புற்றுநோயாளிகளின் ஊட்டப் பராமரிப்பு

புற்றுநோயாளிகளின் ஊட்டப் பராமரிப்பு என்பது புற்றுநோய் கண்டறியப்பட்ட நாள் முதல், சிகிச்சைக் காலத்திலும் அதன் பின்னரும், நோயாளியின் உடல் எடை, தசை வலு, உணவு உட்கொள்ளும் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணித்து, குறைவு தென்பட்டவுடன் அதைச் சரிசெய்யும் மருத்துவச் செயற்பாடு ஆகும். இது புற்றுநோயைக் குணப்படுத்தும் உணவுமுறை அன்று. அறுவை மருத்துவம், கதிர்வீச்சு மருத்துவம், கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை ஆகியவற்றை நோயாளியின் உடல் தாங்கி நிற்கச் செய்வதே இதன் நோக்கம்.

எடை இழந்த நோயாளிக்குச் சிகிச்சையின் பக்கவிளைவுகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. புண் ஆறுவது தாமதமாகிறது. நோய்த்தொற்று எளிதில் ஏற்படுகிறது. இதனால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, சிகிச்சையை இடையில் நிறுத்தவோ நேர்கிறது. எடை குறைவதைப் "புற்றுநோய் என்றால் இளைக்கத்தான் செய்யும்" என்று இயல்பாக எடுத்துக்கொள்ளும் போக்கு குடும்பங்களிலும் சில வேளைகளில் மருத்துவமனைகளிலும் காணப்படுகிறது. ஆனால் இக்குறைவில் ஒரு பகுதி தடுக்கக்கூடியது என்பதும், காலந்தாழ்த்தினால் அதை மீட்பது கடினம் என்பதும் இத்துறையின் அடிப்படைக் கருத்துகள் ஆகும்.

காரணங்கள்

புற்றுநோயில் எடை குறைவதற்கான காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. உணவு உள்ளே செல்ல இயலாமை: வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகிய இடங்களில் உள்ள கட்டி உணவின் வழியை அடைக்கிறது. வாய்ப்புற்றில் வாயைத் திறப்பதே கடினமாகலாம்.

2. சிகிச்சையின் விளைவுகள்: குமட்டல், வாந்தி, வாய்ப்புண், சுவை மாற்றம், உமிழ்நீர்க் குறைவு, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் முதலியன. வலியும் மனச்சோர்வும் பசியைக் குறைக்கின்றன.

3. வளர்சிதைமாற்றத்தில் ஏற்படும் மாறுதல்: கட்டியும் அதற்கு எதிராகச் செயற்படும் நோயெதிர்ப்பு மண்டலமும் வெளியிடும் அழற்சிப் பொருட்கள் பசியை அடக்குகின்றன, தசைப் புரதத்தைச் சிதைக்கின்றன. உணவு போதிய அளவில் கிடைத்தாலும் உடல் அதை முழுமையாகப் பயன்படுத்த இயலாத நிலை தோன்றுகிறது.

முதல் இரண்டு காரணங்களையும் பெருமளவு சரிசெய்ய இயலும். மூன்றாவது காரணத்தால் விளையும் நிலை புற்றுநோய் உடல்நலிவு அல்லது கேக்கெக்சியா எனப்படுகிறது. "தீய நிலை" என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது. வெறும் பட்டினியில் முதலில் கொழுப்பு கரைகிறது. உடல்நலிவிலோ கொழுப்புடன் தசையும் கரைகிறது. எனவே பருமனான ஒருவரிடமும் தசை இழப்பு மறைந்திருக்கக்கூடும்.

2011ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு உடன்பாட்டு வரையறையின்படி, ஆறு மாதங்களில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தன்னிச்சையின்றிக் குறைந்தால் அது உடல்நலிவு ஆகும். உடல் நிறைச் சுட்டெண் 20க்குக் கீழ் உள்ளவரிடமோ, தசை இழப்பு உறுதி செய்யப்பட்டவரிடமோ 2 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைவே போதுமானது. இதன்படி 52 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதத்தில் 49 கிலோவாகக் குறைந்தாலே எல்லையைக் கடந்துவிட்டார். கண்ணால் பார்த்து இக்குறைவை அறிவது கடினம். எடைக் கருவியே காட்டும்.

வரலாறு

1932ஆம் ஆண்டு அமெரிக்க நோயியலாளர் சீல்ட்ஸ் வாரன், புற்றுநோயால் இறந்த 500 பேரின் உடற்கூற்று ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலிவு இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனக் காட்டினார். 1968இல் ஸ்டான்லி டட்ரிக்கும் அவரது குழுவினரும் சிரை வழியாக முழு ஊட்டத்தையும் செலுத்தும் முறையை வெளியிட்டனர். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி ஆகியோர் வயிற்றைத் திறக்காமல் உள்நோக்கிக் கருவியின் துணையுடன் இரைப்பையில் உணவுக் குழாய் பொருத்தும் முறையைத் தொடங்கினர்.

1980இல் வெளியான டிவிஸ் குழுவினரின் ஆய்வு, வேதிச்சிகிச்சை பெற்ற 3,047 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, சிகிச்சைக்கு முன்பே எடை இழந்திருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று கண்டறிந்தது. 2005இல் போர்த்துக்கல் நாட்டில் பவுலா ரவாஸ்கோ குழுவினர், கதிர்வீச்சு மருத்துவம் பெறும் நோயாளிகளிடம் மேற்கொண்ட ஆய்வுகள், வழக்கமான வீட்டு உணவை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வழங்கப்படும் உணவு ஆலோசனை பயனளிப்பதைக் காட்டின. சுவிட்சர்லாந்தில் 2,088 உள்நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், ஊட்டக்குறைவு அபாயமுள்ளவர்களுக்குத் தனிப்பட்ட உணவுத் திட்டம் அளித்தபோது 30 நாட்களுக்குள் ஏற்படும் இறப்பு குறைந்தது. அவர்களுள் 506 பேர் புற்றுநோயாளிகள். அவர்களிடமும் இப்பயன் காணப்பட்டது.

மதிப்பீடு

ஊட்டப் பராமரிப்பின் முதற்படி எளிய வடிகட்டல் ஆகும். 1999இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஊட்டக்குறைவு வடிகட்டல் கருவி இரண்டே வினாக்களைக் கொண்டது. அண்மையில் முயலாமலே எடை குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்பது முதல் வினா. பசியின்மையால் உணவு குறைந்துள்ளதா என்பது இரண்டாம் வினா. மதிப்பெண் இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால் உணவியலாளரின் முழு மதிப்பீடு தேவைப்படுகிறது. இவ்வினாக்களைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. செவிலியரோ பயிற்சி பெற்ற தன்னார்வலரோ கேட்கலாம்.

நிற்க இயலாத நோயாளியின் எடையை அறிய முடியாதபோது மேற்கையின் நடுச் சுற்றளவு அளக்கப்படுகிறது. பிரித்தானியாவில் உருவான மற்றொரு வடிகட்டல் கருவி, இவ்வளவு 23.5 செண்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் உடல் நிறைச் சுட்டெண் 20க்குக் கீழ் இருக்கக்கூடும் எனக் கொள்கிறது. தையற்காரர் பயன்படுத்தும் இஞ்சு டேப்பில் இது ஏறத்தாழ ஒன்பதேகால் அங்குலம். இயல்பிலேயே மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள் மிகுந்த தமிழ்நாட்டில் ஒருமுறை அளந்த எண்ணை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் பொருத்தமன்று. ஒரே கையில், ஒரே இடத்தில், மாதந்தோறும் அளந்து மாற்றத்தைப் பார்ப்பதே பயன்தரும்.

எடையை ஒவ்வொரு வருகையின்போதும் குறித்தல் இன்றியமையாதது. காலில் வீக்கமோ வயிற்றில் நீர்க்கோவையோ உள்ளவரின் எடை கூடுவதுபோல் தோன்றும். அந்நிலையில் கைச் சுற்றளவும் கைப்பிடி வலுவும் உண்மை நிலையைக் காட்டும்.

தேவைப்படும் உணவின் அளவு

ஊட்டச்சத்து மருத்துவத்துக்கான ஐரோப்பியக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரி ஆற்றல் தேவை. புரதம் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்கு மேலும், இயன்றால் 1.5 கிராம் வரையும் இருக்க வேண்டும். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் தேவை. சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இவ்வளவு மாறுபடும்.

நோயாளிக்கு அரிசிக் கஞ்சி கொடுப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். 25 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் ஏறத்தாழ 90 கலோரியும் 2 கிராம் புரதமும் உள்ளன. நாளொன்றுக்கு ஆறு டம்ளர் குடித்தாலும் 540 கலோரியும் 12 கிராம் புரதமுமே கிடைக்கும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் ஆற்றலில் பாதியும் புரதத்தில் கால் பங்கும் கூட உடலுக்குக் கிடைத்திரா. "நன்றாகத்தான் குடிக்கிறார், ஆனாலும் இளைக்கிறார்" என்று குடும்பத்தினர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே டம்ளரின் சத்தை உயர்த்த இயலும். 200 மில்லிலிட்டர் பால், 30 கிராம் பொட்டுக்கடலை மாவு, 15 கிராம் வெல்லம், ஒரு தேக்கரண்டி நெய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியில் ஏறத்தாழ 340 கலோரியும் 12 கிராம் புரதமும் உள்ளன. உண்ணும் அளவைக் கூட்டாமல் சத்தின் செறிவைக் கூட்டுவது என்னும் இக்கொள்கையே நோயாளி உணவின் அடிப்படை ஆகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லம் தவிர்க்கப்படுகிறது.

கொங்கு வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் உணவுகள் பல இதற்குப் பொருந்துவன:

- முட்டை: ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். நன்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.
- நிலக்கடலை: 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 550 கலோரியும். மெல்ல இயலாதவர்களுக்கு அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம்.
- கொள்ளு: 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம். கடைந்த கொள்ளுப் பருப்பாகக் கொடுக்கும்போது பயன் கிடைக்கும். தெளிந்த கொள்ளு ரசத்தில் புரதம் மிகக் குறைவு.
- அரிசிம்பருப்புச் சாதம்: குழைய வேகவைத்து நெய் சேர்த்தது.
- சந்தகை: தேங்காய்ப்பாலுடன், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு ஏற்ற மென்மையான உணவு.
- தயிர், பருப்பு, மீன், கோழி இறைச்சி.

உணவுடன் உடலியக்கமும் தேவை. நடைப்பயிற்சியும் எளிய தசைப் பயிற்சியும் இல்லாதபோது உட்கொண்ட புரதம் தசையாக மாறுவது குறைகிறது.

சிகிச்சைக் காலத்து இடர்ப்பாடுகள்

வாய்ப்புண் உள்ளபோது காரம், புளிப்பு, சூடு ஆகியவை குறைக்கப்படுகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாளொன்றுக்குப் பலமுறை வாய் கொப்பளிப்பது வழக்கமான பரிந்துரை. உணவுக்கு அரைமணி நேரம் முன்பாக வலி மருந்து எடுத்துக்கொண்டால் உண்பது எளிதாகும் என்பதால் மருந்து நேரமும் உணவு நேரமும் சேர்த்துத் திட்டமிடப்படுகின்றன.

குமட்டலின்போது மூன்று வேளை முழு உணவுக்குப் பதிலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உணவு தரப்படுகிறது. தாளிப்பு மணம் குமட்டலைத் தூண்டுமாயின் ஆறிய உணவு ஏற்கப்படலாம். தண்ணீரை உணவுடன் குடித்தால் வயிறு விரைவில் நிறைந்துவிடும். ஆகவே உணவுக்கு இடையில் குடிப்பது நன்று. வாந்தியைத் தடுக்கும் மருந்தைக் குறித்த நேரத்தில் எடுத்துக்கொள்ளாமல், வாந்தி வந்த பின் எடுத்துக்கொள்வது பயனைக் குறைக்கும்.

வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் உணவுத் தூய்மை முதன்மை பெறுகிறது. காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, வெளியே அறுத்து வைக்கப்பட்ட பழம், நெடுநேரம் வெளியில் இருந்த உணவு ஆகியவை தவிர்க்கப்படுகின்றன. வீட்டில் கழுவித் தோல் உரித்த பழத்தையும், நன்கு சமைத்த காய்கறியையும் ஒதுக்கத் தேவையில்லை.

குழாய்வழி உணவு

வாய்வழி போதிய உணவு செல்லாதபோது, குடல் இயங்குமாயின், மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாய் பொருத்தப்படுகிறது. மருத்துவமனைகளில் இது ரைல்ஸ் டியூப் என அழைக்கப்படுகிறது. பல வாரங்களுக்குத் தேவைப்படும்போது வயிற்றின் வழியாக இரைப்பைக் குழாய் பொருத்தப்படும்.

குழாய் வைப்பது "கடைசிக் கட்டம்" என்னும் அச்சத்தால் பல குடும்பங்கள் மறுக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் குழாய் பெரும்பாலும் தற்காலிகமானது. புண் ஆறி விழுங்கும் திறன் திரும்பியதும் அகற்றப்படுகிறது. சிகிச்சையை இடைநிறுத்தாமல் முடிப்பதற்கான பாலமாக அது பயன்படுகிறது.

வீட்டில் குழாய்வழி உணவு தருகையில் நோயாளியைச் சாய்ந்து அமரச் செய்து, 200 முதல் 250 மில்லிலிட்டர் அளவில் மெதுவாக ஊற்றி, பின்னர் சுத்தமான நீரால் குழாயைக் கழுவுதல் வேண்டும். குழாய் அடைத்துக்கொள்ளும் என அஞ்சி உணவை மிகுதியாக நீர்க்கச் செய்வது பரவலான பிழை. மிக்சியில் நன்கு அரைத்து வடிகட்டினால் செறிவைக் குறைக்காமலே அடைப்பைத் தவிர்க்கலாம். பத்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதிருந்தவருக்குத் திடீரென முழு அளவு உணவு தருவது ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். அத்தகையோருக்கு மருத்துவக் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே உணவு கூட்டப்படுகிறது.

பசியைத் தூண்டும் மருந்துகள்

மெஜெஸ்ட்ரால், டெக்சாமெத்தசோன் ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. முன்னதால் இரத்தம் உறையும் அபாயமும், பின்னதை நீண்ட நாட்கள் பயன்படுத்தினால் தசை இழப்பும் ஏற்படலாம்.

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடைபெற்று 2023இல் வெளியானது. முற்றிய இரைப்பை, கல்லீரல்-கணைய-பித்தநாள, நுரையீரல் புற்றுநோயுடன் வேதிச்சிகிச்சை தொடங்கிய 124 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் ஓலன்சபின் மருந்தும், மற்றதற்கு மருந்தற்ற மாத்திரையும் 12 வாரங்கள் தரப்பட்டன. எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியவர்கள் மருந்து பெற்ற குழுவில் 60 விழுக்காட்டினர். மற்றதில் 9 விழுக்காட்டினர். பசியும் மேம்பட்டது. இம்மருந்து காப்புரிமைக் காலம் கடந்த, விலை குறைந்த பழைய மனநல மருந்து என்பது இதன் சிறப்பு. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம் 2023இலேயே தன் பரிந்துரையில் இதைச் சேர்த்தது. உறக்கக் கலக்கம் முதலிய பக்கவிளைவுகள் உள்ளமையால் மருத்துவரின் பரிந்துரையின்றி இதை உட்கொள்ளக் கூடாது.

சப்பானில் 2021இல் அனமோரெலின் என்னும் மருந்து ஒப்புதல் பெற்றது. எந்த மருந்தும் உணவுக்கு மாற்று அன்று. பசி திரும்பும்போது தட்டில் சத்தான உணவு இருந்தால்தான் மருந்தால் பயன் உண்டு.

தவறான நம்பிக்கைகள்

- சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும்: உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோசைப் பயன்படுத்துகின்றன. உணவில் மாவுச்சத்தை நிறுத்தினாலும் உடல் தசைப் புரதத்திலிருந்து குளுக்கோசை உருவாக்கிக்கொள்ளும். இழப்பு தசைக்கே நேரும். ஏற்கனவே எடை குறைந்தவர் பட்டினி முறைகளைப் பின்பற்றுவதை ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்கவில்லை.
- பத்தியம்: முட்டை, பால், தயிர், இறைச்சி, கத்தரிக்காய் ஆகியவை "சூடு", "குளிர்ச்சி", "கரப்பான்" எனப் பல காரணங்களால் விலக்கப்படுகின்றன. ஒவ்வோர் உணவாக விலக்கும்போது புரதம் தரும் உணவுகளே முதலில் மறைகின்றன.
- நன்கு உண்டால் கட்டியும் வளரும்: போதிய உணவு பெற்ற நோயாளிகளில் கட்டி விரைவாக வளர்கிறது என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை.
- விலை உயர்ந்த புரத மாவு இன்றியமையாதது: வீட்டு உணவால் தேவையை நிறைவுசெய்ய இயலாதபோது அது துணைபுரியும். இயலும்போது பாலும் முட்டையும் கடலையும் அப்பணியைச் செய்யும்.

திருப்பூர் பின்னலாடைப் பகுதியில்

மேற்கூறிய பரிந்துரைகள் நோயாளியின் அன்றாட வாழ்வோடு பொருந்தும்போதே நடைமுறைக்கு வரும். தொழில்நகரம் ஒன்றில் இதற்குள்ள தடைகளுக்குத் திருப்பூர் எடுத்துக்காட்டாகும். நகரின் வடமேற்கில் அமைந்த வேலம்பாளையம், "15 வேலம்பாளையம்" என்றும் அழைக்கப்படுகிறது. தனி நகராட்சியாக இருந்த இப்பகுதி 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பனியன் கம்பெனிகளும், அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி இது.

இங்குள்ள வேலைநேரம் "ஷிப்டு" கணக்கில் அமைகிறது. ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கான காலக்கெடு நெருங்கும்போது ஒன்றரை ஷிப்டு வேலை வழக்கம், காலை 8.30 மணிக்குச் செல்பவர் இரவு 8 மணிக்கு மேல் திரும்புகிறார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வேலைக்குச் செல்லாத நாளில் வருமானம் இல்லை. கூலி வாரந்தோறும் தரப்படுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் ஒருவர் நோயுற்றால் ஒரு வருமானம் நிற்கிறது. மற்றவர் விடுப்பு எடுத்துச் சமைத்துக் கொடுத்தால் இரண்டாவது வருமானமும் நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு என்னும் எளிய பரிந்துரை இச்சூழலில் கடினமானதாக மாறுகிறது. பகலில் தனித்திருக்கும் நோயாளி காலையில் வைத்துச் சென்ற கஞ்சியையோ, கடைத் தேநீரையும் பன்னையுமோ கொண்டு நாளைக் கழிக்கக்கூடும். காலையிலேயே அளந்து வைக்கப்பட்ட சத்துமாவு, வேகவைத்த முட்டை, கடலை உருண்டை போன்றவை இத்தகைய வீடுகளுக்குப் பொருத்தமானவை.

இரண்டாவது தடை தொலைவு. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எனினும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் திருப்பூர் மக்கள் நெடுங்காலமாகச் சார்ந்திருப்பது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூர் மருத்துவமனைகளையும், 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தையும் ஆகும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு மருத்துவம் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாட்களாக ஆறு அல்லது ஏழு வாரங்கள் தரப்படுகிறது. நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பும் நோயாளி, வாய்ப்புண் மிகும் மூன்றாம் வாரத்திலிருந்து வெளியில் எதையும் உண்ண இயலாதவராகிறார். அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளிகளுக்கு உணவு வழங்கப்படுகிறது. புறநோயாளியாக வந்து செல்பவர் அவ்வேற்பாட்டுக்குள் வருவதில்லை.

மூன்றாவது தடை வருமானப் பாதுகாப்பு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளின்படி, நோய்க்காலத்தில் 91 நாட்கள் வரை கூலியில் 70 விழுக்காடு வழங்கப்படும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு அதன் பின்னரும் இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு வழங்கப்படும். இந்நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குரிய வேலையில் இருந்திருக்க வேண்டும். குறித்த நாட்களுக்குப் பங்களிப்பும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்களும், ஒப்பந்தக்காரரிடம் பதிவின்றிப் பணியாற்றுபவர்களும் இப்பயனை இழக்கின்றனர். நோய்க்காலத்தில் உணவுக்கான பணம் இதிலிருந்தே வரவேண்டியிருப்பதால், காப்பீட்டுப் பதிவும் ஊட்டப் பராமரிப்பின் ஒரு பகுதியாகிறது.

2009இல் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்ட மாநிலத் திட்டம், அறுவை மருத்துவம், கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை ஆகியவற்றின் செலவை ஏழைக் குடும்பங்களிடமிருந்து பெருமளவு நீக்கியது. மாதக்கணக்கில் வீட்டில் ஆகும் உணவுச் செலவு குடும்பத்தையே சார்கிறது. பொது விநியோகத் திட்டத்தின் விலையில்லா அரிசியும், 2007 முதல் மலிவு விலையில் வழங்கப்படும் துவரம் பருப்பும் பாமாயிலும் இதற்கு உதவுகின்றன. பீகார், ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தின் வழியே தானியம் பெற வழி ஏற்பட்டது. ஆயினும் தமிழில் மட்டும் அச்சிடப்பட்ட உணவுப் பட்டியல் அவர்களுக்குப் பயன்படுவதில்லை.

காசநோய்த் திட்டத்துடன் ஒப்பீடு

நோயாளியின் உணவைச் சிகிச்சையின் பகுதியாகக் கொள்வதற்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. காசநோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் நடுவண் அரசின் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும் உணவுப் பை வழங்கப்பட்டது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2022இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்டவுடன் உடல் நிறைச் சுட்டெண், கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிசன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்பட்டு, மிகவும் நலிந்தவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர்.

புற்றுநோய் காசநோயைப் போன்றதன்று. உணவால் மட்டும் மீளாத உடல்நலிவு இதில் உண்டு. எனினும் முதல் நாளிலேயே எடையை அளப்பது, நலிந்தவரைப் பிரித்தறிவது, உணவை மருந்துச் சீட்டுடன் சேர்த்து வழங்குவது ஆகிய மூன்றும் இரு நோய்களுக்கும் பொதுவானவை. குழந்தைப் புற்றுநோயில் இம்முயற்சி முன்னரே தொடங்கிவிட்டது. 2013இல் மும்பையில் தொடங்கப்பட்ட கடுல்ஸ் அறக்கட்டளை, மருத்துவமனைகளில் உணவியலாளர்களை அமர்த்தி, குழந்தைகளுக்கு ஆலோசனையும் உணவுப் பொருட்களும் வழங்குகிறது. ஆகஸ்ட் 5, 2021 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோய்தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டு செல்லும் நோக்கமுடையது. வீடு தேடிச் செல்லும் பணியாளரிடம் ஓர் எடைக் கருவியும், ஓர் அளவு நாடாவும், மேற்கூறிய இரண்டு வினாக்களும் இருந்தால் வடிகட்டலைத் தெருவிலேயே செய்ய இயலும்.

நோயின் இறுதிக் கட்டத்தில்

வாழ்நாள் சில வாரங்களே எஞ்சியுள்ள நிலையில் ஊட்டப் பராமரிப்பின் நோக்கம் மாறுகிறது. உடல் உணவை ஏற்கும் திறனை இழக்கிறது. பசியும் தாகமும் குறைகின்றன. இந்நிலையில் குழாயாலோ சிரைவழியாகவோ உணவைச் செலுத்துவது வாழ்நாளை நீட்டுவதாகத் தெரியவில்லை; வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கூட்டக்கூடும். நோயாளி விரும்பிய உணவை விரும்பிய அளவில் தருவதும், உதட்டையும் நாவையும் ஈரமாக வைத்திருப்பதும் போதுமானவை எனப்படுகின்றன.

உணவு ஊட்டுவது அன்பின் அடையாளமாகக் கருதப்படும் தமிழ்க் குடும்பங்களில் இம்மாற்றத்தை ஏற்பது எளிதன்று. உண்ண மறுப்பதைப் பிடிவாதமாகக் கொண்டு நோயாளியைக் கடிந்துகொள்வதும், "ஊட்டாமல் விட்டுவிட்டோமே" எனப் பின்னர் குடும்பத்தினர் வருந்துவதும் நிகழ்கின்றன. உணவு நின்றதால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் உணவு நின்றது என்பதை மருத்துவக் குழுவினர் முன்கூட்டியே விளக்குவது ஊட்டப் பராமரிப்பின் கடைசிக் கடமையாகும்.

இவற்றையும் பார்க்க

- புற்றுநோய்
- ஊட்டக்குறைவு
- உடல் நிறைச் சுட்டெண்
- நோய்தணிப்புப் பராமரிப்பு
- அடையாறு புற்றுநோய் நிறுவனம்
- திருப்பூர்